தங்கச்சிக்கு அனுப்பிய மண்

நான் சோயா போட்ட முதல் பட்டம் அது. களையெடுக்க ஆள் கிடைக்கவில்லை. பட்டாசு சீசன், ஊர்ப் பெண்கள் விடிந்ததும் கம்பெனி வேனில் ஏறிவிடுவார்கள். களைக்கொல்லி வாங்கி நானே அடித்தேன். வரப்போரம் நாலு வரிசைக்கு மருந்து பற்றவில்லை. அதை மட்டும் முதுகு ஒடியக் கையால் களையெடுத்தேன்.

பத்து நாளில் மருந்து பட்ட செடிகள் வெளுத்துக் குட்டையாக நின்றுவிட்டன. வரப்போரச் செடிகள் தெம்பாக இருந்தன. அதில் ஒன்றைப் பிடுங்கினேன். வேர் முழுக்கச் சின்னச் சின்ன உருண்டைகள். பயறு வகையில் வேர் உருண்டை கட்டினால் மண்ணுக்கே சத்து என்று கேள்விப்பட்டிருந்தேன். பெருமை பிடிபடவில்லை. ஆனைக்குட்டத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கும் தங்கச்சியும் சோயா போடுவதாகச் சொல்லியிருந்தாள். உருண்டை கட்டிய நிலத்து மண்ணைப் புது நிலத்தில் தூவினால் அங்கேயும் பிடிக்கும் என்பார்கள். அந்த வரப்போர மண்ணைப் பத்து மூட்டை அள்ளி அனுப்பினேன். சீர் அனுப்பிய மிதப்பு எனக்கு.

ஒரு மாதமாகியும் குட்டைச் செடிகள் எழவில்லை. மருந்துக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போகச் சாட்சி வேண்டுமே என்று, இரண்டு வகைச் செடியையும் கட்டிக்கொண்டு சூலக்கரை விவசாய ஆபீசுக்குப் போனேன்.

அங்கிருந்த அதிகாரியம்மா நல்ல செடியைத்தான் முதலில் எடுத்தார். உருண்டையை நகத்தால் சுரண்டினார். பெயரவில்லை.

"அண்ணாச்சி, நல்ல உருண்டைன்னா தட்டுனாலே உதிர்ந்திரும். இது வேரே வீங்கியிருக்கு. உள்ள கண்ணுக்குத் தெரியாத நூற்புழு. போன பட்டம் கத்தரி போட்டீகளா?"

"ஆமாம்மா."

"அதுல வந்ததுதான். புழு மட்டும்னா செடி கொஞ்சம் தாங்கும். மருந்து மட்டும்னாலும் வாடிட்டு எந்திரிச்சிரும். மருந்துல அசந்த வேரைப் புழுவும் புடிச்சா எப்படி எந்திரிக்கும்? இந்த மண்ணை வேற எங்கயும் கொண்டுபோயிறாதீக."

வெளியே ஓடிவந்து தங்கச்சிக்குப் போன் போட்டேன். மூட்டை பிரிக்காமலே கிடக்க வேண்டும் என்று இருக்கன்குடி மாரியாத்தாளை வேண்டிக்கொண்டேன்.

"அண்ணே, நானே கூப்பிடணும்னு இருந்தேன். இங்கனயும் களைக்கு ஆளு வரலை. காலையிலதான் மருந்து அடிச்சு முடிச்சோம். ஒரு செடியைப் புடுங்கிப் பாத்தேன். ஒங்க மண்ணு கை குடுத்திருச்சுண்ணே, வேரு பூரா உருண்டை!"

போனைக் காதில் வைத்தபடியே அதிகாரியம்மாவிடம் திரும்பி ஓடினேன்.

"அண்ணே, லைன்ல இருக்கீகளா?" என்றாள்.