ராத்தாவின் சாயத் தண்ணீர்

கட்டுகஸ்தோட்டையில் என் ராத்தா, அதாவது அக்கா, வீட்டுப் பின்புறத்தில் துணிக்குச் சாயம் போட்டு விற்கிறார். சாயத் தண்ணீர் நீலமும் சிவப்புமாகக் கழிவுநீர்க் கானில் ஓடி, கீழ்வீட்டு ஐயாவின் கிணற்றோரம் தேங்கும். ஒருநாள் ஐயா மணல் மூட்டை வைத்துக் கானை அடைத்துவிட்டார். "பிள்ளைங்க குடிக்கிற தண்ணிங்க. சுத்தமாக்கி அனுப்புங்க, இல்லாட்டி தொழில நிப்பாட்டுங்க" என்றார். நியாயம்தான். ஆனால் ராத்தாவின் குடும்பம் அந்தத் தொழிலை நம்பித்தான் இருந்தது.

நானோ பேராதனையில் ஆய்வுகூடத்தில் சாயத் தண்ணீரைச் சுத்தமாக்கும் வேலையாகவே இருப்பவள். அங்கே நாங்கள் உருவாக்கிய நுண்துகள்கள் வெயில் பட்டால் சாயத்தை உடைக்கும். குளிர்ந்த தண்ணீரில் பரவி வேலை பார்க்கும். சூடாக்கினால் ஒன்றாகத் திரளும், அள்ளி எடுத்து மறுபடி பாவிக்கலாம். "சும்மா இரிங்க ராத்தா, நான் பாத்துக்கொள்றேன்" என்று வீறாப்பாகப் போத்தலோடு போய் இறங்கினேன்.

அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கிய சாய அண்டாவில் துகள்களைக் கொட்டினேன். கொட்டியதுதான் தாமதம், எல்லாம் கட்டிப்பட்டு அடியில் போய்க் குந்திக்கொண்டன. தண்ணீர் கருநீலமாகவே இருந்தது.

"இதுக்கா நீ இவ்வளவு காலமும் படிச்ச?" என்றார் ராத்தா. கேலிதான், ஆனால் குரல் உடைந்திருந்தது. என் மானம் கப்பலேறியது. அண்டாவைத் தொட்டுக் கையைச் சுட்டுக்கொண்ட பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது. ஆய்வுகூடத்துக்குச் சாயத் தண்ணீர் எப்போதும் ஆறிப்போய்த்தான் வரும். சூட்டில் திரளும்படி செய்ததே நாங்கள். சொன்னபடி கேட்ட துகள்களை நொந்து என்ன பயன்?

மறுநாள் காலை, ஆறிய தண்ணீரை அகன்ற பேசின்களில் ஊற்றி முற்றத்து வெயிலில் வைத்தோம். கட்டிகள் தாமாகவே பிரிந்து பரவின. மேகம் வந்து மறைத்தபோதெல்லாம் நான் வானத்தைத் திட்டினேன், ராத்தா சிரித்தார். பின்னேரத்துக்குள் நீலம் போயிற்று. கேத்தல் கேத்தலாகச் சுடுதண்ணீர் ஊற்றித் துகள்களைத் திரட்டி, துணியில் வடித்து எடுத்தோம். நிறம் போனால் மட்டும் போதாது, கண்ணுக்குத் தெரியாத மிச்சம் இருக்கலாம். ஒரு போத்தல் தண்ணீரைப் பேராதனைக்குக் கொண்டுபோய்ச் சோதித்து, திருப்தியான பிறகே ஐயாவைக் கூப்பிட்டேன்.

அவர் பேசினைக் குனிந்து பார்த்தார், முகர்ந்தும் பார்த்தார். சோதனை முடிவை விளக்க நான் வாயைத் திறப்பதற்குள், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கானில் இறங்கி மணல் மூட்டையை இழுத்து வெளியே போட்டார். "ஊத்துங்கம்மா, நான் கீழ போய் நின்னு பாக்கிறேன்."

ராத்தா பேசினின் ஒரு பக்கத்தைப் பிடித்தார். நான் மறுபக்கம் பிடித்துக்கொண்டேன். ஊற்றிவிட்டு இருவரும் கானோரம் குனிந்து கீழே எட்டிப் பார்த்தோம். கீழிருந்து ஐயாவின் குரல் வந்தது: "சரிம்மா, நாளைக்கே அடுப்ப பத்த வைங்க!"

ராத்தா நாளை வரை பொறுக்கவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அப்போதே அண்டாவை அடுப்பில் ஏற்றினார்.