கடைசிப் பக்கத்து மாமா

எழுபதுகளின் தொடக்கத்தில் கும்மிடிப்பூண்டியில் ஒரு பாட்டில் கம்பெனியில் எனக்கு வேலை கிடைத்தபோது, வாட்ச் வாங்கி வந்து என் கையில் கட்டிவிட்டவர் மாமா. அம்மாவின் அண்ணன். “டயத்துக்குப் போவணும் கண்ணு, நம்ம ஊட்டு பேர காப்பாத்தணும்” என்று சொல்லிக்கொண்டே அவர் வாரை இழுத்து மாட்டியது இன்னும் கண்ணில் நிற்கிறது. இப்போது அவருடைய நூற்றாண்டுக்கு மலர் போடுகிறார்களாம். தங்கை மகள் என்பதால் நான் நாலு வரி உருக்கமாக எழுத வேண்டுமாம். உருக்கமாம், உருக்கம்! எனக்கு வருவதெல்லாம் வயிற்றெரிச்சல்தான்.

திருவள்ளூரிலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு வாரப் பத்திரிகையில் மாமா கடைசிப் பக்கம் எழுதினார். உலகத்தில் எதைப் பற்றியும் அவருக்கு ஒரு கருத்து இருக்கும். கருத்து எப்படியோ போகட்டும், அந்த நடை! எதுகையும் மோனையும் தானாக வந்து உட்காரும். ஒரு வரியில் கேள்வி கேட்பார், அடுத்த வரியில் அதட்டுவார், அதற்கும் அடுத்ததில் கெஞ்சுவார். படித்து முடிக்கும்போது நாமே நெடுநாளாக அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தோம் என்று தோன்றிவிடும். ஊருக்கு சினிமாக் கொட்டகை கூடாது என்று எழுதினார், ஊர் தலையாட்டியது. கொஞ்ச நாள் கழித்து கொட்டகை வேண்டும் என்று எழுதினார், அதற்கும் ஆட்டியது.

பொன்னேரியிலிருந்து காலை ரயிலில் போகும்போது, பெண்கள் பெட்டியில் அந்தப் பக்கத்தை உரக்கப் படிப்பது நான்தான். எங்கள் மாமா அல்லவா, ஒரே பெருமை. பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட எனக்கு வெளியுலகம் என்று இருந்ததே அந்தப் பெட்டியும் கம்பெனியும்தான். அன்றைக்கும் ஏற்ற இறக்கத்தோடு ஆரம்பித்தேன். ‘தாவணி பறக்கத் தண்டவாளம் நோக்கி ஓடும் தங்கையே, தலைவாசல் கோலம் உன்னைத் தேடித் தவிக்கிறதே!’ பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே அடுத்த வரிக்குப் போனேன். ‘வளையல் கழன்ற கையில் வாட்ச் ஏறியது, வாட்ச் ஏறிய கையிலிருந்து வாஞ்சை இறங்கியது.’

மெஷினில் மாட்டிக்கொள்ளும் என்று வளையலைக் கழற்றச் சொன்னது கம்பெனி. வாட்ச்சைக் கட்டியது அவர். பெட்டியில் வாட்ச் கட்டியிருந்தவள் நான் ஒருத்திதான். எல்லாரும் என் கையைப் பார்த்தார்கள். படிப்பதை நிறுத்திவிட்டுக் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டேன். எதிரே இருந்த ஒரு அக்கா, “நிறுத்தாத, படிடி. இன்னாமா எய்திக்கிறாரு மனுஷன்!” என்றாள்.

அப்பாவும் படித்தார். தினமும் என்னை ஸ்டேஷனுக்குச் சைக்கிளில் கொண்டுபோய் விட்ட அதே அப்பா, “உங்க மாமா சொல்றதுல இன்னா தப்பு? நாளையிலேர்ந்து போவாத” என்றார்.

கம்பெனிக்கு ஜுரம் என்று சொல்லி அனுப்பிவிட்டு, பஸ் ஏறித் திருவள்ளூர் போய் மாமா முன்னால் நின்றேன். அவர் நாஷ்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“நெஜமாவே அப்டித்தான் நெனைக்கிறீங்களா மாமா?”

“நெனைக்கிறதா? அந்த வாரம் வேற ஒண்ணும் மாட்டல கண்ணு. உன் வாட்ச்சு ஞாபகம் வந்திச்சு, வரி தானா உயுந்திச்சு. படிக்க சொல்லோ எப்டி இருந்திச்சு, அத்த சொல்லு!”

அடப்பாவி மனுஷா! ஆத்திரத்தில் எனக்கு அழுகைதான் வந்தது.

“அட, இதுக்குப் போயி அயுவுறியே. மாத்தி எய்திட்டா போச்சு” என்றார்.

சொன்னபடி அடுத்த வாரமே எழுதினார். ‘உழைக்கும் பெண்ணின் கையில் ஓடுவது முள்ளல்ல, ஊரின் எதிர்காலம்’ என்று ஆரம்பம். முந்தையதைவிட நன்றாக இருந்து தொலைத்தது. டிபன் டப்பாவைக் கழுவி வைத்துவிட்டு, அப்பா படித்து முடிக்கட்டும் என்று பக்கத்திலேயே நின்றேன். நிதானமாகப் படித்தார், பத்திரிகையை மடித்தார்.

“இது நீ அயுது கேட்டு எய்தினது. மொதல்ல எய்தினதுதான் அவரு மனசுலேர்ந்து வந்தது.”

மாமா என்னிடம் சொன்னதை அப்படியே சொல்லிப் பார்த்தேன். அவ்வளவு அழகாக எழுதுகிறவர் மனசில் இல்லாததை எழுதுவாரா என்று அப்பா என்னையே திருப்பிக் கேட்டார்.

இப்போது எங்கள் தெரு முனையில் கம்பெனி பஸ்கள் வந்து நின்று பெண்களை ஏற்றிக்கொண்டு போகின்றன. யாரும் அதைப் பற்றிக் கட்டுரை எழுதுவதில்லை. அன்றைக்கு நான் வேலையிலிருந்து நின்றதும் என் மெஷினில் வேறு ஒருத்தியைப் போட்டார்கள். ரிடையர் ஆகும்வரை அங்கேயே வேலை பார்த்தாளாம். அவளுடைய மாமாவுக்கு எழுத வராது போலிருக்கிறது. கொடுத்துவைத்தவள்.