நூல் பிடித்துச் சொன்ன பொய்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி வழியாக நரிக்குடி போகும் தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தேன். திடீரென்று இடது தோள் பிடித்துக்கொண்டது. அசைக்காமல் இருந்தால் சரியாகிவிடும் என்று இரண்டு மாதம் கையைத் தொங்கப் போட்டுக்கொண்டே திரிந்தேன். சரியாவது எங்கே, மேல்கம்பியைப் பிடிக்கக்கூட எழவில்லை. கூட்டத்தில் இரண்டு முறை பயணிகள் மேலேயே விழுந்தேன். ஒரு மாதத்தில் தேறாவிட்டால் வேறு ஆள் போட்டுக்கொள்வதாக முதலாளி சொல்லிவிட்டார். எனக்கு வேறு வேலை தெரியாது.

டாக்டர் என்னை மூட்டுப் பயிற்சி கொடுக்கும் ஒரு பெண்ணிடம் அனுப்பினார். என் தங்கை வயதுதான் இருக்கும். படுக்கவைத்து, ஒரு கையால் தோள்பட்டையை அமுக்கிக்கொண்டு, மறு கையால் என் மேல்கையை மெல்ல இழுப்பார், தள்ளுவார். வலி தொடங்கும் இடத்தில் நிறுத்திவிடுவார். சுளுக்கு எடுப்பதுபோல ஒரே வெட்டாக வெட்டிவிடுவார் என்று போன எனக்கு இது விளையாட்டாகப் பட்டது. வீட்டில் தினமும் இடது கை விரல்களைச் சுவரில் படிப்படியாக மேலே நகர்த்தி ஏறச் சொன்னார். எட்டிய உயரத்துக்குத் தரையிலிருந்து நூல் பிடித்து, வாரம் ஒருமுறை கொண்டுவர வேண்டும்.

வலிக்குப் பயந்து நான் சுவர் பக்கமே போகவில்லை. வெறுங்கையோடு போகவும் வெட்கம். பக்கத்து வீட்டில் தறி இருந்ததால் நூலுக்குப் பஞ்சமில்லை. வாராவாரம் நான்கு விரற்கடை கூட்டி வெட்டிக்கொண்டு போனேன். அதை முதலாளியிடமும் காட்டிப் பெருமை பேசினேன்.

மூன்றாம் வாரம் அந்தப் பெண் நூலைச் சுவரில் பிடித்துப் பார்த்தார். பிறகு என் கையைத் தூக்கியவர் பாதியிலேயே நிறுத்திவிட்டார்.

"நூலு இம்புட்டு ஒசரம் போகுது, கை வர மாட்டேங்குதேண்ணே. நூலை நம்பி அமுக்கியிருந்தா உள்ள கிழிஞ்சிருக்கும்."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் முகத்தில் பயம்தான் தெரிந்தது. எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன்.

"வலிச்சா வலிக்குதுன்னு சொல்லுங்க. அதை வச்சுத்தான் நான் வேலை பாக்கணும்" என்றார்.

முதலாளியிடமும் உண்மையைச் சொல்லி இன்னும் ஒரு மாதம் கேட்டேன். முறைத்துக்கொண்டே சம்மதித்தார். அப்புறம் தினமும் காலையில் சுவரே கதி என்று கிடந்தேன். நிஜ நூல் அரை விரற்கடை, ஒரு விரற்கடை என்றுதான் கூடியது.

தவணை முடிய நான்கு நாள் இருந்தது. திருச்சுழி தாண்டி ஆடுகள் குறுக்கே வர, டிரைவர் சடாரென்று பிரேக் போட்டார். நின்றவர்கள் எல்லாம் முன்னால் சரிந்தார்கள். நான் சரியவில்லை. நிமிர்ந்து பார்த்தால் என் இடது கை மேல்கம்பியைப் பிடித்திருக்கிறது. நான் தூக்கவே இல்லை, அதுவாகப் போயிருக்கிறது. கண் கலங்கிவிட்டது. "டிக்கெட்டு குடுப்பீகளா, மாட்டீகளா?" என்று ஓர் அம்மா கேட்கும்வரை கையை எடுக்க மனம் வரவில்லை.

இன்றைக்கும் டாக்டர் எப்படி இருக்கிறது என்று கேட்டால், 'பரவாயில்லை' என்று வாய்வரை வருவதை விழுங்கிவிட்டு, வலிக்கிற இடத்தைத் தொட்டுக் காட்டிவிடுகிறேன். என் பிழைப்பு தப்பியது அன்று உண்மையைச் சொன்னதால்தான்.