விழுங்காத தங்கக் குண்டு

எங்கள் வீட்டில் அம்மாவுக்கும் அத்தைக்கும் சேர்த்து ஒரே செல்போன்தான். அதில் எந்தத் தொடர்கதையைப் படிப்பது என்று தினமும் சண்டை. "நான்" என்று ஆரம்பிக்கிற கதைதான் அம்மாவுக்கு வேண்டும். "பட்டவளே சொல்றா, பொய்யாவா இருக்கும்?" என்பாள். அப்பாவின் தங்கையான அத்தைக்கு அது ஆகவே ஆகாது. "நான் நான்னு என்ன பீத்தல் மதினி? அவள்னு சொன்னாத்தான் கதை" என்பாள். அத்தைக்கு அப்போது முப்பத்தெட்டு வயது, கல்யாணம் ஆகவில்லை.

அப்பாவுக்குக் காரைக்குடியில் வீட்டோடு சேர்ந்த நகைப்பட்டறை. நான் ஆறாவது படித்தபோது, ஓர் ஆச்சி வீட்டுக் கல்யாணத்துக்குக் கழுத்திரு செய்துகொண்டிருந்தார். நகரத்தார் பெண்ணுக்குத் திருப்பூட்டும்போது போடுகிற, நெஞ்சு நிறைந்த தாலி அது. மஞ்சள் கயிற்றில் கோத்து, முடிச்சு மட்டும் போடாமல் வைத்திருந்தார். திங்கட்கிழமை பார்த்தால் கோத்திருந்த தங்கக் குண்டுகளில் ஒன்றைக் காணோம். வெள்ளிக்கிழமை கல்யாணம். கொடுத்த தங்கத்தில் குறைகிறது என்று அந்த வீட்டுப் படியேறிச் சொல்ல முடியுமா? அப்பா சோற்றில் கை வைக்கவில்லை.

எனக்கோ கதை கிடைத்துவிட்டது! பள்ளி ஆண்டு மலருக்கு எழுதச் சொல்லியிருந்தார்கள். "நான் அந்தத் தங்கக் குண்டை மிட்டாய் என்று விழுங்கிவிட்டேன்" என்று ரஃப் நோட்டில் அமர்க்களமாக ஆரம்பித்தேன். புதன்கிழமை அது அம்மா கையில் சிக்கியது.

"அடிப்பாவி, முழுங்கிட்டாளே!" என்று அவள் போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது. கதைம்மா, வெறும் கதை என்று தலைதலையாய் அடித்துக்கொண்டேன்.

"பெறகு எதுக்குடி நான்னு எழுதின?"

"அவ முழுங்கல மதினி, சொன்னாக் கேளுங்க" என்று அத்தை மட்டும் மன்றாடினாள். "ஒனக்கு எப்படித் தெரியும்?" என்று அம்மா திரும்பியதும் உள்ளறைக்குள் போய்விட்டாள்.

பட்டறையைக் கூட்டிய தூசியைக்கூடச் சேர்த்துவைத்துச் சலிக்கிற குடும்பம், என்னை விடுவார்களா? விளக்கெண்ணெய் ஊற்றினார்கள். பூவன்பழம் ஒரு சீப்பு. கொல்லையில் ஒரு பேசின். பக்கத்தில் அப்பா சல்லடையோடு காத்திருந்த கோலத்தை இப்போது நினைத்தாலும் எனக்கு மானம் போகிறது.

வியாழன் காலையில் அத்தை குண்டைக் கொண்டுவந்து அப்பா கையில் வைத்தாள். உள்ளறையில் கண்ணாடி பீரோவுக்கு அடியில் கிடந்ததாம். பட்டறையிலிருந்து படியேறி, கூடத்தைக் கடந்து அவ்வளவு தூரம் அது எப்படி உருண்டது என்று அப்பா கேட்கவில்லை; கண்ணில் ஒற்றிக்கொண்டு ஓடினார். என்னிடம் மன்னிப்பா? ஹூம், மூச்.

அன்று மத்தியானம் அத்தைதான் எனக்கு மோர்சாதம் பிசைந்து ஊட்டினாள். ஊட்டிக்கொண்டே கதை சொன்னாள்.

"ஒருத்தி இருந்தா. ஆளில்லாத நேரம், யாரு கல்யாணத்துக்கோ செஞ்ச கழுத்திருவ எடுத்துக் கழுத்துல வச்சுக் கண்ணாடியில பாத்தா. எம்புட்டு நல்லா இருந்துச்சு தெரியுமா? வாசல்ல செருப்புச் சத்தம் கேட்டுச்சு. பதறிப்போயி எடுத்தாளா, ஒரு குண்டு நழுவிருச்சு. வெளிய சொல்லப் பயம்."

எனக்கு ஆத்திரமாக வந்தது. குண்டு தொலைகிற கதை என்னுடையது! அதைத் திருடி, மிட்டாயை எடுத்துவிட்டுக் கண்ணாடியை வைத்துச் சொல்கிறாளே!

"அப்பறம் அவளுக்குக் கல்யாணம் ஆச்சா?"

"இல்ல."

"இது என்ன கதை? நான்னு வச்சுச் சொல்லுங்க அத்தை, அப்பத்தான் எல்லாரும் நம்புவாக" என்று எழுத்தாளர் தோரணையில் யோசனை சொன்னேன்.

"நம்பிருவாகல்ல, அதான்" என்று அத்தை அடுத்த கவளத்தை என் வாயில் வைத்தாள்.

நம்பினால் நல்லதுதானே, இதற்குப் போய் ஏன் தயங்குகிறாள் என்று யோசித்தபடி நான் மென்றுகொண்டிருந்தேன்.