பிணையாக வைத்த சான்றிதழ்

வேலைக்குச் சேர்ந்த அன்று, சென்னைத் தலைமை அலுவலகத்தில் துரைராசுவிடம் ஒரு பழுப்பு உறையை நீட்டினார்கள். பத்தாம் வகுப்பு முதல் பி.எஸ்சி. தாவரவியல் வரை எல்லா அசல் சான்றிதழ்களையும் அதில் போட்டுக் கொடுத்தார். ஐந்து வருடம் வேலையை விட்டுப் போகமாட்டேன் என்ற ஒப்பந்தத்துக்கு அதுதான் பிணை. தொண்ணூற்றொன்பதாம் வருடம் அது. வெளிநாட்டுக் கூட்டோடு வந்த பூச்சிமருந்துக் கம்பெனி; சட்டையை உள்ளே விட்டு பெல்ட் கட்டி, வடுவூரிலிருந்து மன்னார்குடி, திருவாரூர் என்று பைக்கில் சுற்றுகிற உத்தியோகம். கொடுக்கும்போது அவர் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை.

மூன்று வருடம் குறையில்லாமல் போனது. நெல்லில் புகையான் பூச்சி விழுந்து ஊரே முகம் வாடி நிற்கும் மாதத்தில் அவருக்கு மட்டும் விற்பனை டார்கெட் முடிந்துவிடும். முதலில் சங்கடமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது.

அப்புறம் ஆற்றில் தண்ணீர் வரவில்லை. தொடர்ந்து இரண்டாவது வருடமாகக் குறுவைச் சாகுபடி இல்லை. வயல்கள் வெடித்துக் கிடந்தன. திருச்சியில் இருந்த மண்டல மேலாளர் ராஜராஜன் அனுப்பிய டார்கெட் மட்டும் கால் பங்கு கூடியிருந்தது. விவசாயிகள் கூட்டம் நடத்திப் போட்டோ அனுப்பச் சொன்னார். துரைராசு ஒரு கோயில் மண்டபத்தில் நாற்பது பேரைச் சேர்த்து, டீயும் வடையும் கொடுத்து, இலைச்சுருட்டுப் புழுவைப் பற்றிப் பேசினார். நடவு வேலை செய்யும் அம்சம் என்கிற பெண் எழுந்தாள்.

"எல்லாம் சரிங்க. நாத்தே விடலையே, புழு எங்கேருந்து வரும்?"

மண்டபம் சிரித்தது. துரைராசுவும் சிரித்தார். வீட்டுக்கு வந்து மனைவி ஈஸ்வரியிடம் சொல்லும்போது சிரிப்பு வரவில்லை.

அந்த வாரமே, எப்போதோ எழுதிப் போட்டிருந்த திருவாரூர்க் கூட்டுறவுச் சங்க எழுத்தர் வேலைக்கு அழைப்பு வந்தது. பதினெட்டாம் தேதி அசல் சான்றிதழ்களோடு வரவேண்டும். அவர் ராத்திரி ரயிலேறிச் சென்னை போய், தலைமை அலுவலக வரவேற்பறையில் காலையிலிருந்து சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தார். உறை கையெட்டும் தூரத்தில் ஏதோ ஒரு அலமாரியில் இருந்தது. கடைசியில் ஒரு பெண் வந்து, "உங்க மேனேஜர் கையெழுத்துப் போட்டாதான் தர முடியும் சார்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அங்கிருந்தே ராஜராஜனுக்குப் போன் செய்தார்.

"டார்கெட்ட முடிங்க துரைராசு. மறுநாளே கையெழுத்துப் போடறேன்."

கூத்தாநல்லூரில் உரக்கடை வைத்திருந்த மீரா உசேன் பாய் அவரைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார். துரைராசு அவர் முன்னால் போய் நின்றார்.

"நாப்பது பெட்டி எடுத்துக்குங்க பாய். சம்பாவுக்கு ஓடிடும்."

"தண்ணி வரும்ங்கறீங்களா?"

"வரும் பாய்."

பாய் அவர் முகத்தைப் பார்த்தார். "நீங்க சொன்னா சரி தம்பி" என்று ஆர்டரில் கையெழுத்துப் போட்டார்.

டார்கெட் முடிந்தது. ராஜராஜன் போனில் குதூகலித்தார். "உங்கள மாதிரி ஆள விடுவேனா? ஏரியா மேனேஜர் ஆக்கச் சொல்லி எழுதிட்டேன்." கையெழுத்து வரவில்லை. பதினெட்டாம் தேதி துரைராசு மன்னார்குடியில் ஒரு கடைவாசலில் பைக்கை நிறுத்திவிட்டு, இறங்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

சம்பாவும் பாதி காய்ந்தது. பாய் கடையில் பெட்டிகள் பிரிக்காமல் இருந்தன. வாரம் ஒருமுறை போக வேண்டும். பாய் ஒரு வார்த்தை கேட்கமாட்டார். ஸ்டூலை இழுத்துப் போட்டு டீ வாங்கித் தருவார். துரைராசு பாதி டீயை வைத்துவிட்டுக் கிளம்பிவிடுவார். மருந்து காலாவதியாக மூன்று மாதம் இருக்கும்போது ஒருநாள் துரைராசு டெம்போ பிடித்துக்கொண்டு பாய் கடைக்கு வந்தார்.

"என்ன தம்பி இது?"

"நான் பொய் சொன்னேன் பாய். அன்னிக்கே எனக்குத் தெரியும்."

"தெரியும்" என்றார் பாய். பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக் கொடுத்தார்.

நாற்பது பெட்டியும் கம்பெனியின் திருச்சிக் கிடங்குக்குத் திரும்பி, துரைராசுவின் விற்பனைக் கணக்கில் கழிந்தன. ஒரே வாரத்தில் ஏரியா மேனேஜர் பேச்சு போய், வேதாரண்யத்துக்கு மாற்றல் வந்தது. கோடியக்கரை வரைக்கும் அவர் எல்லை. பாதி உப்பளம், மீதியில் கொஞ்சம் புகையிலை, கொஞ்சம் மா. உப்புப் பாத்திகளுக்கு நடுவே பூச்சிமருந்துப் பையோடு போனால், வேலை செய்கிறவர்கள் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொள்வார்கள்.

ஒப்பந்தம் முடிந்த மாதம் அந்த உறை பதிவுத் தபாலில் வந்தது. ஈஸ்வரி பிரித்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"இனிமே வேற எதுக்காவது எழுதிப் போடலாமேங்க?"

"வயசு வரம்பு தாண்டிடுச்சு ஈஸ்வரி."

அவள் சான்றிதழ்களைப் பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்தாள். துரைராசு சட்டையை உள்ளே விட்டு, பெல்ட்டை இறுக்கிக்கொண்டு, வேதாரண்யம் பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பினார்.