தின்றும் தேறாத உடம்பு

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், என் சமையலைக் குறை சொன்னவர் யாருமில்லை. அப்படிப்பட்ட என்னைத்தான் புருஷனைப் பட்டினி போடுகிறவள் என்றாள் என் நாத்தனார்.

என் வீட்டுக்காரருக்கு நெஞ்சு நோய் வந்து மூன்றாவது வருஷம் அது. முன்பெல்லாம் உர மூட்டையைத் தனியாளாகத் தூக்கிக்கொண்டு மலையேறுவார். பிறகு தோளில் சதை வற்றியது, தொடை வற்றியது, நெற்றிப் பொட்டில் குழி விழுந்தது. அரைஞாண் கயிறு இறங்க இறங்க நான்தான் முடிச்சுப் போட்டு இறுக்குவேன். நான் ஊட்டாமல் இல்லை. ரொட்டி, பருப்பு, நெத்தலிக் குழம்பு, கிடைத்த நாளில் முட்டை. எல்லாம் எதிரில் உட்கார்ந்து ஊட்டினேன். எனக்காக விழுங்குவார்.

மாத்தளை ஆஸ்பத்திரி டாக்டர் பொறுமையாகத்தான் சொன்னார். “அம்மா, பசியில மெலியிறது வேற, இது வேற. நாள்பட்ட நோய் உள்ளுக்கிருந்தே தசையைக் கரைக்குது. உங்க மேல குத்தமில்ல. கொஞ்சங் கொஞ்சமா, அடிக்கடி குடுங்க. முட்டை, பருப்பு, மீனு சேருங்க. முடிஞ்சளவு நடக்க வைங்க. ஆனா பழைய உடம்பு வரும்னு நான் சொல்லமாட்டேன்.”

கலேவெலையிலிருந்து அண்ணனைப் பார்க்க வந்த நாத்தனாரிடம் இதை அப்படியே சொன்னேன்.

“நோய் சதையைத் திங்குதா? நல்ல கதை! நீங்க மட்டும் தேராட்டம் இருக்கீங்களே அண்ணி, உங்களை ஏன் திங்கல?”

வாசலில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். நான் அழவில்லை. “கூட்டிட்டுப் போ. ஒரு மாசம் நீ ஆக்கிப் போட்டு அனுப்பு, பார்ப்போம்” என்றேன். டாக்டர் சொன்னது நினைவில் இருந்தும், ரோஷத்தில் அனுப்பினேன். அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

தேறி வந்தால் என் பேர் போகும். தேறாமல் வந்தால்... அதற்கு மேல் நினைக்கக் கூசியது. அந்த மாதம் சாமியிடம் என்ன கேட்டேன் என்று யாரும் கேட்க வேண்டாம்.

மாதம் முடிந்து, தோட்டத்து முச்சந்தியில் பஸ் நின்றது. கம்பியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கினார். சட்டைக்குள் ஆளே இல்லை. எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். இதுவரை யாரிடமும் இதைச் சொன்னதில்லை. ஒரு மூச்சு நேரம்தான். பிறகு ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டேன்.

பின்னால் இறங்கிய நாத்தனார் என் முகத்தைப் பார்க்கவில்லை. “அண்ணி, ஆட்டுக்கால் சூப்பு வச்சேன், தினம் முட்டை குடுத்தேன். சத்தியமா என் கையால ஊட்டினேன்.”

“தெரியும்” என்றேன்.

அவர் மூச்சு வாங்கிக்கொண்டே, “உங்க ரெண்டு பேரு பந்தயமும் முடிஞ்சதுன்னா, வீட்டுக்குப் போவமா? எனக்குக் களைப்பா இருக்கு” என்றார்.

லயம் வரை ஏற்றம். அவள் ஒரு பக்கம் பிடித்தாள், நான் ஒரு பக்கம். அந்த உடம்பைத் தாங்க ஒருத்தி போதும். ஆனாலும் இரண்டு பேரும் கையை விடவில்லை.