பாட்டுக் கேட்ட துணி

மகள் வாங்கி வந்த கருப்பு டீ-ஷர்ட்டை மடிக்கும்போது சாயத்தின் வாசம் அடித்தது. உடனே பழைய பயம் வந்துவிட்டது. டீ-ஷர்ட்டைப் பார்த்துப் பயப்படுகிற ஒரே திருப்பூர்க்காரி நானாகத்தான் இருப்பேன்.

முதலிபாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் அப்போது எனக்குச் செக்கிங் வேலை. மிஷின் சத்தத்தில் கத்தினாலும் கேட்காது. அதனால் பெரிய ஸ்பீக்கரில் என்ன பாட்டு வேண்டும் என்று சூப்பர்வைசருக்கு வெட்டுத்துணியைத் தூக்கிக் காட்டுவோம். மஞ்சள் என்றால் குத்துப்பாட்டு, கருப்பு என்றால் சோகப்பாட்டு. சரசு அக்கா எப்போதும் கருப்புக் கட்சி. பாட்டில் யாரோ அழுதால் இவர் கண்ணைத் துடைப்பார். "அழுவுற பாட்டக் கேட்டாத்தாங் கண்ணு எனக்கு மனசு லேசாவுது" என்பார். எனக்கோ அதே பாட்டைத் தாங்க முடியாது. தண்ணீர் குடிக்கிற சாக்கில் வெளியே ஓடிவிடுவேன், அவ்வளவு தைரியசாலி.

ஓவர்லாக் மிஷினில் ஓரம் தைக்கும் கலா மஞ்சள் கட்சி. தேனிப் பக்கத்துப் பெண், புருஷனோடும் சின்னப் பிள்ளையோடும் பக்கத்து லைன் வீட்டில் குடியிருந்தாள். எந்த ஆர்டர் வந்தாலும் குத்துப்பாட்டுக்குக் குறை வரக்கூடாது என்று ஒரு மஞ்சள் துண்டை மிஷினிலேயே கட்டி வைத்திருப்பாள்.

ஒருநாள் முழுக்கக் கருப்பு டீ-ஷர்ட் ஆர்டர். எங்கே பார்த்தாலும் கருப்புத் துணி. கலா கருப்பைத் தூக்கினாள். வேறு கலர் கிடைக்கவில்லை போலிருக்கிறது என்று சூப்பர்வைசர் குத்துப்பாட்டையே போட்டார். நாங்களும் சிரித்தோம்.

டீ டைமில் கலாவைக் காணோம். அவள் மிஷின் அருகே போன சரசு அக்கா சட்டென்று என் கையைப் பிடித்தார்.

"மஞ்சத்துணி இங்கியேதாங் கண்ணு கட்டியிருக்குது. கருப்ப வேணும்னுதான் தூக்கியிருக்கறா."

அவளுடைய லைன் வீட்டுக்கு ஓடினோம். கதவு உள்ளே தாழிட்டிருந்தது. தட்டித் தட்டிப் பார்த்தோம். நான் அக்காவின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன். அக்கா கதவில் முகத்தை வைத்து, "கலா, தொறந்துரு சாமி, நாங்க வந்துட்டோம்" என்று அழுதார். விடாமல் அழுதார். வெகுநேரம் கழித்துத் தாழ்ப்பாள் நகர்ந்தது.

"அவரு பிள்ளையத் தூக்கிட்டுப் போயிட்டாருக்கா" என்றாள் கலா.

உள்ளே என்ன செய்ய இருந்தாள் என்று நாங்கள் கேட்கவில்லை. அக்கா அவளைத் தன் வீட்டுக்கே கூட்டிப்போய்விட்டார்.

இப்போது அந்த ஸ்பீக்கர் இல்லை. எந்தக் கம்பெனிக்குப் போனாலும் காதில் இயர்பட்ஸ், அவரவர் பாட்டு அவரவருக்கு. என் மகளும் சில நாளாக அப்படித்தான், அறைக் கதவைச் சாத்திக்கொண்டு.

தட்டினேன். "என்ன பாட்டு கண்ணு கேக்கற?"

"சும்மா ஏதோ பாட்டும்மா."

கதவு திறக்கவில்லை. கருப்பா மஞ்சளா என்று தெரியாமல், டீ-ஷர்ட்டும் கையுமாக வெளியிலேயே நிற்கிறேன்.